லிஃப்டுக்குள் ஒட்டிய முகம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. அத்தானின் முழங்கால் வீக்கமும் உன் கோபமும் இதற்குள் வடிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். உன் மகள் கல்யாண ஆல்பத்தில் நான் எங்குமே இல்லை என்று போனில் சண்டை போட்டாய். இருக்கிறேன், அக்கா. அத்தானுக்குப் பின்னால் ஒரு காது தெரிகிறதே, அது என்னுடையதுதான். கேமராவைக் கண்டால் என் முகம் என் பேச்சைக் கேட்பதில்லை.

அப்படிப்பட்டவனிடம் போய், நாங்கள் பராமரிக்கும் லிஃப்டுகளில் பொறுப்பான மெக்கானிக்கின் படத்தை ஒட்ட வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். என் மகள் சொன்னபடி தாடையை இறக்கி, கண்ணை விரித்து, பல்லை மறைத்து, மூச்சை இழுத்து வயிற்றையும் உள்ளே தள்ளிக்கொண்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்தேன். கழுத்துக்குக் கீழே எடுக்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு கட்டிடத்தில் படத்தை ஒட்டிய மறுநாளே, இந்த ஆளைப் பார்த்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டுமா என்று அங்கே நான்காம் மாடியில் குடியிருக்கும் வாத்தியார் விசாரித்திருக்கிறார். புதிதாகச் சேர்ந்த வாட்ச்மேன் படத்தைப் பிய்த்து என் கையிலேயே கொடுத்து, ஆளை எங்கேயாவது கண்டால் தகவல் சொல்லச் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன், வேறென்ன செய்வது?

அந்த வாரமே அதே கட்டிடத்தில் கரண்ட் போய், ஒரு தையல்காரம்மா இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டார். நான் ஓடியபோது உள்ளே ஒரே அழுகை. மூச்சு முட்டுகிறது என்கிறார். பேச்சுக் கொடுத்தால் பயம் குறையும் என்று, கதவு இடுக்கு வழியாகத் தொழில் எப்படிப் போகிறது என்று கேட்டேன். தைக்கக் கொடுத்தவர்கள் தாங்கள் பெருத்துவிட்டு, துணி சுருங்கிவிட்டதாகச் சண்டைக்கு வருகிறார்களாம். அழுகைக்கு நடுவிலேயே அவர் சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன். பிறகு மோட்டார் அறைக்கு ஓடி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை இறக்கி, திரும்பி வந்து கதவைத் திறந்தேன். முகமெல்லாம் கிரீஸ், தலைமுடி நட்டுக்கொண்டு நிற்கிறது, வாயெல்லாம் பல். அவர் டார்ச்சுக்காகப் பிடித்திருந்த போனில், பதற்றத்தில் எதை அமுக்கினாரோ, என் படம் விழுந்துவிட்டது.

அதை அவர் எங்கள் ஆபீசுக்கே அனுப்பி, ஒட்டினால் இதைத்தான் ஒட்ட வேண்டும் என்றாராம். நான் அவர் கடைக்கே போய், பல் இடுக்கையும் இரட்டைத் தாடையையும் காட்டிக் கெஞ்சினேன். மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, கதவு திறந்தப்ப நான் பாத்த முகம் இதுதான். இதப் பாத்தப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

கெஞ்ச வந்ததையே மறந்து திரும்பி வந்துவிட்டேன், அக்கா. இந்த மூஞ்சியால் ஒருவருக்கு மூச்சு வந்ததா?

இப்போது எங்கள் லிஃப்டுகளிலெல்லாம் அந்தப் படம்தான். வாத்தியார் என்னைக் கண்டால் வணக்கம் வைக்கிறார். நேற்று லிஃப்டில் தனியாகப் போகும்போது, படத்திலிருக்கும் அந்த ஆளை மேல்மாடி வரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போனேன். நல்ல ஆளாகத்தான் தெரிந்தான்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். இனி உன் வீட்டு விசேஷம் எதுவானாலும் முன்வரிசையில் எனக்கு ஓர் இடம் போட்டுவை.

அன்புத் தம்பி

பி.கு.: உனக்கு அனுப்பக் குடும்பப் படம் எடுத்தோம். எல்லாவற்றிலும் முன்னால் நின்று நான்தான் நிறைந்திருக்கிறேன். மகளுக்கு அரை முகம், மனைவிக்கு ஒரு முழங்கை. இனிமேல் நான் கேமராவுக்கு முன்னால் வரவே கூடாது, வேண்டுமானால் பின்னால் நின்று எடுத்துக் கொடுக்கலாம் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது.