அரசாங்க மாட்டுக்கு ஒரு ஹவுஸ்கோட்

இன்னுமொரு உதை. வாளி உருண்டது. யேசுரட்ணம் சாணத்தில் குந்தினார்.

"சனியனே, நில்லன்!"

மாடு நிற்குமா? அரசாங்க மாடாயிற்றே! கட்டைபறிச்சான் ஊர்ச் சனம் கேட்டது மேய்ச்சல் தரை. அரசாங்கம் கொடுத்தது பெண்கள் திட்டத்தில் ஒரு சீமைப் பசு. அதுவும் யேசுரட்ணத்தின் மனைவி கிறேஸின் பெயரில். அவளே கறப்பதைக் கொழும்பு அதிகாரி இன்று நேரில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மாடு கைமாறும். ஆளும் கட்சி அமைப்பாளரின் மச்சான் கயிற்றோடு வாசல் படலையில் நிற்கிறான், பாவி!

கிறேஸோ மகளின் பிரசவத்துக்காகத் திருகோணமலை ஆஸ்பத்திரியில்.

பக்கத்து வீட்டு உம்மு குல்சும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன், அது கிறேஸக்காட மணத்துக்குப் பழகின மாடு. அவட ஹவுஸ்கோட்டைப் போட்டுட்டுக் கறங்க."

"எனக்கென்ன விசரோ?"

"மடி வீங்கிச் செத்தா அதிகாரிக்கு எதைக் காட்டுவீங்க?"

போட்டார். பூப்போட்ட ஹவுஸ்கோட், தலையில் துவாய். மாடு மோந்து பார்த்துவிட்டு நல்ல பிள்ளையாக நின்றது. பால் சீறியது. யேசுரட்ணத்துக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இறங்கி வந்தார்.

"கிறேஸ் அம்மா நீங்கதானே?"

யேசுரட்ணம் அவசரமாகத் துவாயை மீசைக்கு மேல் இழுத்தார்.

"ஓம், ஓம், அவதான்!" உம்மு குல்சும் முந்திக்கொண்டாள். "தொண்டை கட்டியிருக்கு. கதைக்க ஏலாது."

"சரி, கறங்க. பார்க்கிறேன்."

வாளி நுரைத்து வழிந்தது. வேலியோரம் கூடிய சனம் கைதட்டியது. மாடோ பாசம் தாங்காமல் திரும்பி, துவாயைக் கவ்வி ஒரே இழுவை!

"ஐயா, மீசையைப் பாருங்கோ!" மச்சான் துள்ளினான். "இது கிறேஸ் இல்லை, புருஷன்காரன்! முழுக் கள்ளம்!"

யேசுரட்ணத்துக்கு உயிரே போய்விட்டது. வந்தவர் மீசையைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

"கிறேஸ் அம்மா நல்லாத்தான் கறக்கிறாங்க," என்றார் உரக்க. "மாடு இந்த வீட்டுக்குத்தான்!"

உம்மு குல்சும் குரவையே போட்டுவிட்டாள். மச்சான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டினான்.

"ஐயா, சாகுமட்டும் உங்களை மறக்க மாட்டன்," என்று யேசுரட்ணம் கையெடுத்துக் கும்பிட்டார்.

வந்தவர் குனிந்து காதுக்குள் சொன்னார்:

"சத்தம் போடாதீங்க அண்ணே, நானும் அதிகாரி இல்ல, டிரைவர்தான், மாடுன்னா பயம்னு ஐயா ஜீப்புக்குள்ள ஒளிஞ்சிருக்காரு!"