அறுபத்தாறும் ஐம்பத்துநாலும்

"நம்ம அணிக்கு மாசம் அறுபத்தாறு லட்சம் கியாட்டா!" இனாயத்துல்லா ஹாஜியார் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "அந்த அலோன்காரங்க?"

"மாசம் ஐம்பத்துநாலுதான், முதலாளி," என்றார் கணக்கர் ஜாபர், கைலி முடிச்சைப் பிடித்தபடி.

"குறையக் குடுக்கிறவன் முதல் இடத்துல. கூடக் குடுக்கிற நான் கடைசியிலயா?"

நர்கிஸ் புயலுக்கு மறு வருஷம் யாங்கோனில் சம்பளக்காரக் கால்பந்து லீக் தொடங்கியபோது, மரக்கடை ஹாஜியாரும் பசுந்தாங் பேட்டையில் ஓர் அணியை இறக்கினார். போன மாதம் நான்கு ஆட்டங்களில் ஒன்றுதான் ஜெயித்தது. அலோன் பேட்டையின் அணி நான்கையும் ஜெயித்தது. அங்கே கணக்கெழுதுவது ஜாபரின் கொழுந்தியாள் கரீமா. ஒரு பொட்டலம் தம்பாவ் பிரியாணிக்குச் சம்பளப் பட்டியலின் நகலைக் கொடுத்துவிட்டாள்.

"அஸர் தொழுகைக்குள்ள எனக்குக் காரணம் தெரியணும், ஜாபரு. இல்லைன்னா பெட்டிச் சாவியை வெச்சிட்டு வீட்டுக்குப் போ."

வீட்டில் ஜாபருக்கு மூன்று பெண்கள், மூத்தவளுக்கு நிக்காஹ் நாள் குறித்தாயிற்று. அவசரமாகக் கால்குலேட்டரை எடுத்தார்.

"மொத்தத்தை மொத்தத்தோட வெச்சுப் பார்க்கக்கூடாது, முதலாளி. தலைக்கு எவ்வளவுன்னு பார்க்கணும். நமக்கு இருபத்திரண்டு பேரு. தலைக்கு மூணு லட்சம்."

"அவங்களுக்கு?"

ஜாபர் இன்னொரு முறை தட்டிப் பார்த்தார். "இருபத்தேழு பேரு... ரெண்டு லட்சம்."

"யா அல்லா! முன்னதைவிட மோசமால்ல இருக்கு!"

"அதுவும் சரியான கணக்கில்ல. ஒரு வெற்றிக்கு என்ன செலவுன்னு பார்ப்போம்." வாய் முந்திக்கொண்டது. "அவங்களுக்குப் பதிமூணரை லட்சம்."

"நமக்கு?"

"ஒரே வெற்றிதானே, முதலாளி... வகுக்கவே வேண்டாம்."

ஹாஜியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"பொறுங்க, பொறுங்க! பந்தை உதைக்கிறவன் சம்பளத்தை மட்டும் பார்ப்போம். நம்ம பட்டியல்ல சமையக்காரன், அரிசி, கறி, எல்லாமாப் பன்னிரண்டு லட்சம் உக்காந்திருக்கு." சிவப்பு மையால் அடித்தார். முகம் மலர்ந்தது. "ஐம்பத்துநாலு! சமம், முதலாளி!"

"நியாயம்னா நியாயம். அவங்க சாப்பாட்டையும் அடி."

ஜாபர் தாளைப் புரட்டினார். திருப்பிப் போட்டுப் பார்த்தார். "அடிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. சாப்பாட்டுச் செலவே கிடையாது."

"இருபத்தேழு தடியனுங்களும் பட்டினியாவா ஆடுறானுங்க?"

"தினம் மத்தியானம் ஆட்டுக்கறியும் சோறும் அண்டாவுல வந்து இறங்குதாம். கரீமாதான் சொன்னா. யாரும் காசு கேக்குறதில்லையாம்."

"எந்த இளிச்சவாயன் வீட்டுச் சோறுடா அது!"

பட்டியலின் அடியில் அலோன் அணி முதலாளியின் கையெழுத்து இருந்தது. ஹாஜியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக் கூட்டினார். "டோ கின் மேதா. டோன்னா... பொம்பளையா!" அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மூளைன்னா இது மூளை," என்றார். "எழுது, ஜாபரு. என் அணியையும் நீங்களே நடத்துங்க, லாபத்துல பாதி உங்களுக்குன்னு எழுது. இன்னைக்கே அந்தம்மா சம்மதம் வந்து சேரணும். வந்தா சாவி உன்கிட்ட இருக்கும்."

ஜாபர் எழுதி, உறையில் போட்டு, டிரைவர் சுந்தரைக் கூப்பிட்டார். "அலோனுக்கு ஓட்டு. டோ கின் மேதா கையிலேயே குடுக்கணும். பதில் இல்லாம வந்துடாதே, என் பிழைப்பு இதுல இருக்கு."

சுந்தர் உறையைப் பார்த்தான். ஹாஜியாரைப் பார்த்தான்.

"அண்டாவை இறக்கிட்டு இப்பத்தானே வந்தேன், மறுபடி அலோனுக்கு எதுக்குப் பெட்ரோலு, முதலாளி? ராத்திரி சோறு போடும்போது நீங்களே குடுத்திடுங்க. நாப்பது வருஷமா நீங்க 'இந்தா'ன்னு கூப்பிடுற நம்ம வீட்டம்மாவுக்கு, அடையாளக் கார்டுல அதுதானே பர்மாப் பேரு!"