பாட்டில்லாத படங்களும் பாட்டெப்போ முசியேயும்

பாட்டெப்போ முசியேயைக் காலிக் கொட்டகைக்குள் உட்காரவைத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டவன் நான்தான். காற்றுக்குக் கதவு தானாக மூடிக்கொண்டது என்று அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். காற்று வீசவே இல்லை.

புதுச்சேரி மண்ணில் அவரைப் போலப் பயந்த மனிதர் அதற்கு முன்னும் பிறந்ததில்லை, பின்னும் பிறக்கப்போவதில்லை. ஆனால் பாம்பு, பேய், போலீஸ் எதற்கும் அவர் அசைய மாட்டார். புயல் அடித்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சந்தோஷமாகக் காப்பி குடித்தார். அவருக்குப் பயம் ஒன்றே ஒன்றிடம்தான். சத்தம் நின்றுபோனால் அவருக்கு உயிர் போய்விடும்.

பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அவர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவு எழுதிக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்று நெல்லித்தோப்பில் ஒரு சந்து வீட்டில் தனியாக இருந்தார். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் பிரான்சில். தம் பயத்துக்கான காரணத்தை அவரே எனக்கு விளக்கியிருக்கிறார்.

"சத்தமா பேசிக்கினு வந்தா பொறப்பு, புரொஃபசேர். கல்யாணம்னா தெருமுனையிலேயே கேக்கும். நாலு பேரு ஒண்ணும் பேசாம வந்து மேசைக்கு முன்னால நின்னாங்கன்னா, நான் தலையத் தூக்காமலே எந்தப் பக்கத்த எடுக்கணும்னு தெரிஞ்சுக்குவேன். அதுலேர்ந்து யாரு பேசாம நின்னாலும் எனக்குப் பயந்தான்."

நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்ததால் அவருக்கு நான் 'புரொஃபசேர்'. பிரெஞ்சு உச்சரிப்பில் சொல்வார். அவர் எனக்கு 'முசியே', அதாவது பிரெஞ்சில் ஐயா. ஊருக்கு வேறு பெயர் இருந்தது. அதற்கு வருகிறேன்.

காலையில் கண் விழித்ததும் அவர் வீட்டு ரேடியோ பாட ஆரம்பிக்கும். மத்தியானம் வானொலி நிலையத்தார் ஒலிபரப்பை நிறுத்தியதும் குடையை எடுத்துக்கொண்டு தேங்காய்த்திட்டுக்கு நடந்துவிடுவார். அங்கே மீன் ஏலம் நடக்கும். கத்தலின் நடுவில் போய்க் கண்ணை மூடி நிற்பார்.

"யோவ் முசியே, நாங்க கூவறதக் கேக்க மட்டும் வர்றியே. நாலு நெத்திலியாவது வாங்கிட்டுப் போயேன்யா" என்பாள் மீன்காரி.

"நீ கூவும்மா. எனக்கு அது போதும்."

இப்படிப்பட்ட மனிதர் எங்கள் திரைப்பட விழாவுக்கு வந்ததுதான் வினை. எழுபதுகளின் கடைசியில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு திரைப்படச் சங்கம் வைத்திருந்தோம். நான் செயலாளர். பல மாநிலங்களின் கலைப் படங்களை வரவழைத்து, ஊரில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, ஒரு வாரம் விழா நடத்தினோம். எல்லாம் விருது வாங்கிய படங்கள். ஒன்றிலாவது ஒரு பாட்டுக் கிடையாது. பேச்சே அபூர்வம். ஒருவர் ஜன்னல் வழியாகப் பார்ப்பார். நாமும் பார்ப்போம். அப்புறம் இடைவேளை.

முதல் நாள் ஒரு வங்காளப் படம். கதாநாயகன் கண்ணாடி முன்னால் நின்று முகச்சவரம் செய்கிறான். கத்தி கழுத்தருகே மெதுவாக இறங்குகிறது. அரங்கில் மூச்சுக்கூடக் கேட்கவில்லை. நடு வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது:

"பாட்டு எப்போ?"

கூட்டம் சிரித்தது. அந்தக் குரலில் சிரிப்பு இல்லை என்பது பக்கத்தில் இருந்த எனக்குத் தெரிந்தது. முசியே நாற்காலியின் கைகளைப் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்; அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"எதுக்கு முசியே பாட்டு?"

"பாட்டு ஓடறப்ப யாரும் சாவ மாட்டாங்க, புரொஃபசேர். அஞ்சு நிமிஷம் நிம்மதியா இருக்கலாம். இதுல எப்ப வேணாலும் என்னா வேணாலும் நடக்கும் போல இருக்கே!"

அன்றிலிருந்து அவர் பாட்டெப்போ முசியே.

மறுநாள் ஒரு கன்னடப் படம். சாத்திய கதவு ஒன்றையே வெகுநேரம் காட்டினார்கள். "தெறக்காத! தெறக்காத!" என்று முசியே எழுந்து நின்று கத்தினார். கதவு திறந்தது. ஓர் ஆடு வந்தது. கொட்டகை கைதட்டியது. முசியே மட்டும் உட்கார்ந்து என் காதில் சொன்னார்: "ஆடு தனியா வருது. வீட்டுல யாருமே இல்ல போல."

அதைக் கேட்டதும் நானும் அந்தத் திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயத்தைப் பார்த்து நாம் சிரிக்கலாம். பக்கத்து நாற்காலியில் ஒரு வாரம் உட்காரவைத்துப் பாருங்கள், தெரியும். மூன்றாம் நாளுக்குள் பயம் வரிசை வரிசையாகப் பரவிவிட்டது. எந்தப் படம் போட்டாலும் குறட்டை விடும் எங்கள் சங்கப் பொருளாளர், இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு விழித்திருந்தார். திரையில் பால் பொங்கியதற்கு ஒரு வரிசையே அலறியது. என் வீட்டில் ஒரு காலை, என் மனைவி அரைத்துக்கொண்டிருந்த அம்மிச் சத்தம் சட்டென்று நின்றது. நான் ஓட்டமாக ஓடினேன்.

"என்னாங்க, என்ன ஆச்சு?" என்றாள், கையில் தேங்காயோடு.

"ஒண்ணுமில்ல. நிறுத்தாம அரை" என்றேன்.

இவ்வளவு பயத்தோடு எதற்கு வருகிறீர்கள் என்று அவரைக் கேட்டேன். "வீட்டுல தனியா பயப்படறதுக்கு இங்க ஊரோட சேந்து பயப்படலாம், இல்லியா?" என்றார். அந்தப் பதிலை அன்றைக்கே கொஞ்சம் யோசித்திருந்தால், நான் செய்ததைச் செய்திருக்க மாட்டேன்.

கடைசி நாள் மாலைப் படத்துக்கு அதன் இயக்குநரே நேரில் வருவதாக ஏற்பாடு. ஒரு மீனவன் மனைவியின் கதை. புருஷன் கடலுக்குப் போகிறான். அவள் கரையில் நிற்கிறாள். பாதிப் படம் அவள் நிற்பதுதான். அலை ஓசையைக்கூட இயக்குநர் பல இடங்களில் எடுத்துவிட்டிருந்தார். பெரிய மனிதர் முன்வரிசையில் இருக்க, பின்னாலிருந்து "பாட்டு எப்போ?" என்று ஒரு குரல் வந்தால் சங்கத்தின் மானம் என்னாவது? நான் ஒரு தந்திரம் செய்தேன்.

வந்த படச் சுருள்களைக் காலையில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். முசியேயிடம் போய், "உங்களைப் போன்ற பெரியவர்களுக்காகக் காலையிலேயே தனிக் காட்சி" என்றேன். மனிதர் கோட்டு, தொப்பி, குடையோடு வந்துவிட்டார்.

"மத்தவங்க எங்க?"

"வருவாங்க முசியே. உட்காருங்க."

விளக்கு அணைந்தது. படம் ஓட ஆரம்பித்தது. பாதியில் பயந்து வெளியே ஓடி வந்து, மாலையில் திரும்பி வந்துவிடுவாரோ என்று தோன்றியது. கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டேன். படம் முடிவதற்குள் வந்து திறந்துவிடலாம் என்பது எண்ணம்.

நான் படித்தவன். ஆனால் ஓட்டிப் பார்ப்பது என்றால் முழுப் படமும் ஓட்டுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆப்பரேட்டர் முதல் சில ரீல்களை மட்டும் போட்டு, படமும் ஒலியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, எந்திரத்தை நிறுத்திச் சாப்பிடப் போய்விட்டார். உள்ளே ஓர் ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது. நானோ இயக்குநரை ரயிலடியில் வரவேற்று, மாலை போட்டு, விடுதியில் அவரோடு சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். கொட்டகை வாசலில் அலங்கார வளைவு கட்டியவர்கள் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கதவைத் தட்டியது எவர் காதிலும் விழவில்லை.

"உங்க ஊர் ரசிகர்கள் அமைதியா படம் பார்ப்பாங்களா?" என்று இயக்குநர் என்னைக் கேட்டார். கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. முசியேயின் நினைவு வந்து, எழுந்து கை கழுவாமல் கொட்டகைக்கு ஓடினேன்.

தாழ்ப்பாளைத் திறந்தபோது உள்ளே கும்மிருட்டு. "முசியே!" என்றேன். "முசியே!" சுவர்தான் திருப்பிச் சொன்னது. கொன்றுவிட்டேன் என்றே முடிவு செய்தேன். கை சுவரைத் தடவுகிறது, விளக்கு சுவிட்சு கிடைக்கவில்லை. அவர் பயப்படும் சத்தமின்மை எப்படிப்பட்டது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அது காதுக்குள் வந்து உட்கார்ந்து கொள்கிறது.

விளக்கைப் போட்டேன். முன்வரிசையில் ஒரு நாற்காலியில் தொப்பி இருந்தது. அடுத்ததில் கோட்டு, ஆள் உட்கார்ந்த மாதிரி மடித்து. இன்னொன்றில் குடை சாய்ந்திருந்தது. இந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் ஒரு ஷூ, அந்தப் பக்கம் ஒன்றில் மற்றொரு ஷூ. நடுவில் அவர். இருட்டில் தடவித் தடவித் தமக்குத் துணைக்கு ஒரு கூட்டத்தை உட்காரவைத்திருந்தார். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கிட்டப் போய்க் குனிந்தேன். பாடிக்கொண்டிருந்தார். பாடிப் பாடிக் குரல் முழுக்கப் போயிருந்தது.

ஓடி வந்தவர்களிடம் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்: "காத்துக்குக் கதவு தானா மூடிக்கிச்சு." முசியே என்னைப் பார்த்தார். ஷூக்களை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டார்.

மாலைக் காட்சி மிக அமைதியாக நடந்தது. இயக்குநர் என் கையைக் குலுக்கிப் பாராட்டினார்.

அதன் பிறகு முசியே வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தேங்காய்த்திட்டு மீன்காரி நெல்லித்தோப்பு வரைக்கும் வந்து, தெருவில் நின்று கூவிப் பார்த்துவிட்டுப் போனாளாம். நான் போய்க் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. மறுநாளும் போனேன். கல்லூரி விட்டதும் தினம் அவர் வாசற்படியில் உட்கார்ந்து, கதவைப் பார்த்து உரக்கப் பேசிவிட்டு வருவது என் வேலையாயிற்று. மாணவர்கள் விடைத்தாளில் எழுதும் அபத்தங்களைச் சொல்வேன், பொருளாளரின் குறட்டையைப் பற்றிச் சொல்வேன். தெருவில் போகிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஒரு மாலை கதவு கொஞ்சம் திறந்தது. கரகரவென்று ஒரு குரல் கேட்டது.

"அந்தப் பொம்பள கரையில நின்னுக்கினு இருந்தாளே, அதோட நின்னுபோச்சு. அவ புருஷன் வந்தானா, இல்லியா?"

படத்தில் அவன் வரவில்லை. படகு மட்டும் வரும்.

"வந்துட்டான் முசியே" என்றேன்.

கதவு முழுதாகத் திறந்தது.

அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. புருஷன் ஒரு படகு நிறைய வஞ்சிரத்தோடு வந்தான். கரையில் ஒரு பாட்டு. கொஞ்ச நாளில் அவர்களுக்கு ஒரு குழந்தை. தாலாட்டு ஒன்று. முசியே இட்லியைப் பிட்டுக்கொண்டே, "கடசியில எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்பார். "எல்லாரும் நல்லா இருக்காங்க." இரண்டே மாதத்தில் அவர் மறுபடியும் மீன் ஏலத்துக்கு நடக்க ஆரம்பித்தார். என் பிராயச்சித்தம் பலித்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

அடுத்த வருட விழாவுக்கு, ரசிகர்கள் கேட்டதால், அதே படம் திரும்பவும் வந்தது.

படப்பெட்டி வழியில் தொலைந்துபோகட்டும் என்று கடவுளை வேண்டினேன். பெட்டி ஒருநாள் முன்னதாகவே வந்து சேர்ந்தது. முசியே வெள்ளைக் கோட்டில் வந்து நடு வரிசையில் உட்கார்ந்து, சுற்றியிருந்தவர்களுக்குத் தைரியம் சொன்னார்: "பயப்படாதீங்க, புருஷன் வந்துடுவான். அப்புறம் ரெண்டு பாட்டு இருக்கு. புரொஃபசேர் பாத்திருக்காரு." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவள் கரைக்கு வந்தாள். நின்றாள். அலை ஓசை போயிற்று. இதை முடிவு தெரியாமல் பார்ப்பதே பயம். தெரிந்து பார்ப்பது எப்படியிருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. படகு தெரிய இன்னும் சில நிமிடங்கள்தான். இந்த முறை நிஜமாகவே அவர் உயிர் போய்விடும் என்று எனக்குப் பட்டது.

"முசியே, வெளிய போயிடலாம், வாங்க" என்றேன் காதில்.

"ஏன்?"

"அவன் வர மாட்டான். பாட்டும் கிடையாது. நான் சொன்னதெல்லாம் பொய். அன்னைக்குத் தாழ்ப்பாள் போட்டதும் நான்தான்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கதவு வேணா காத்துக்கு மூடும். தாழ்ப்பாளுமா தானா போட்டுக்கும்? அன்னைக்கே தெரியும், புரொஃபசேர்."

"தெரிஞ்சும் ஏன் எனக்குக் கதவத் தெறந்தீங்க?"

"வேற யாரு வந்தாங்க?"

படகு தெரிந்தது. அதில் ஆள் இல்லை. கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. நான் முசியேயைப் பார்க்கப் பயந்து தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் கையை எடுத்துத் தம் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"ரொம்ப நடுங்குது உங்களுக்கு" என்றார். "நான் பக்கத்துலதானே இருக்கேன்."

படம் முடிந்து, விளக்கு எரிந்து, கூட்டம் முழுவதும் போய்விட்டது. பெருக்குகிறவர் துடைப்பத்தோடு வந்து நிற்கும் வரை அவர் என் கையை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.