பச்சை மழைக்கோட்டு விவகாரம்

அன்புள்ள தங்கை வெர்லீனுக்கு,

அண்ணன் ஹோரஸ் எழுதுவது. கர்த்தர் தயவில், முழங்கால் நீங்கலாக நான் நலம். நீயும், ஹால்பர்ன் பல்கலைக்கழக அணிக்குக் கைதட்டுகிற உன் வீட்டுக்காரரும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதாரவே விரும்புகிறேன்.

இந்தக் கடிதம் கண்டவுடன் நீ எங்கள் அடுப்புக் கூட்டத்துத் தலைவன் ராய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். சனிக்கிழமை நான் போட்டிருந்த பச்சை மழைக்கோட்டு உன்னுடையது, உள்ளே பிரெஸ்காட்டின் சிவப்புச் சட்டைதான் இருந்தது, நான் கைதட்டவில்லை. இந்த மூன்றும் அதில் வர வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு டிராக்டர் பட்டறைக்குப் போனவன். பிரெஸ்காட் பல்கலைக்கழகத்தின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. ஆனால் ஐம்பத்திரண்டு வருஷமாக அதன் கால்பந்து அணியின் சட்டையைப் போட்டிருக்கிறேன், ஜெயிக்கிற வரைக்கும் துவைக்காமல். ஹால்பர்னோடு ஆட்டம் நடக்கிற நவம்பர் சனிக்கிழமையில் மைதானத்து வண்டி நிறுத்துமிடத்தில் விடியும்போதே கரியடுப்பு மூட்டி, எங்கள் ஆட்களுக்குப் பன்றி விலா சுடுவது நான்தான். முப்பத்தோரு வருஷமாக கறி புரட்டுகிற இடுக்கி வேறொருவன் கைக்குப் போனதில்லை. இப்போது போய்விட்டது. அதற்குக் காரணம் நீ.

பேத்தி ட்ரூடி ஹால்பர்னில் சேர்ந்தபோது மூன்று வாரம் நான் அவளோடு பேசவில்லை என்பது உனக்குத் தெரியும். "தாத்தா, அவங்க ஃபீஸில்லாம சீட்டும் குடுத்து பேண்டுலயும் சேத்துக்கிட்டாங்க, நான் என்ன பண்றது?" என்றாள். பிரெஸ்காட்டுக்காகக் காத்திருந்திருக்கலாம் என்றேன். அப்புறம் நீ போன் பண்ணினாய். "அண்ணா, பொண்ணு மொத மொதலா பேண்டோட களத்துல எறங்குறா. ஒரே ஒரு நாள் எங்க பக்கம் வந்து ஒக்காரு. ஒடம்புல ஒண்ணும் ஒட்டிக்காது" என்றாய். வந்தேன். பாதி சிவப்பும் பாதி பச்சையுமாக இருக்கிற அந்த மைதானத்தில், வாழ்நாளில் முதல் தடவையாக ஹால்பர்னின் பச்சைப் பாதியில் உட்கார்ந்தேன். உடனே மழை பிடித்துக்கொண்டது. நீ பையிலிருந்து அந்தக் கோட்டை எடுத்தாய். நனைந்தே சாகிறேன் என்றேன். "அட, வெறும் பிளாஸ்டிக்கு அண்ணா! அதுக்கு எந்த டீமும் தெரியாது!" என்று நீயே என் தலைவழியாக மாட்டிவிட்டாய்.

ஆட்ட இடைவேளை வந்தது. இத்தனை வருஷத்தில் அப்போது வாசிக்கிற பேண்டை நான் பார்த்ததே இல்லை. விவரமுள்ளவன் கழிப்பறை வரிசையில் நிற்கிற நேரம் அது. ட்ரூடியைப் பக்கத்தில் பார்க்க நீங்களும் எழுந்து வேலியோரம் போனீர்கள். இருக்கை வரிசையில் நான் மட்டும்தான். தன்னைவிடப் பெரிய டியூபா ஊதுகொம்பைத் தோளில் சுமந்துகொண்டு ட்ரூடி வந்தாள். சேற்றில் ஒரு பூட்ஸ் கழன்று நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை. ஒற்றைக் காலுறையோடு, ஒரு அடி பிசகாமல், கடைசி வரை ஊதிக்கொண்டே போனாள். அந்த நேரம் பார்த்து எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. எழுந்து நின்றால்தான் விடும். குளிருக்குக் கைகளைத் தட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது முன்வரிசைக்காரன் விட்டுப்போன வெங்காயத்தால். காலி வரிசையில் தனியாக நிற்கிற கிழவனைக் கேமராக்காரன் விடுவானா? பெரிய திரையில், தொண்ணூறாயிரம் பேர் முன்னால், பச்சைக் கோட்டில் நான்!

பிரெஸ்காட் மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. எங்கள் கரியடுப்புக்குத் திரும்பினால் ராய்ஸ், "வாய்யா பச்சக்கிளி! கொய்யாப்பழம் எதுவும் வேணுமா?" என்றான். "மழைக்குப் போட்டதுய்யா" என்றேன். "அழுததும் மழைக்குத்தானா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இடுக்கியைத் தன் மச்சான் டெல்பர்ட்டிடம் கொடுத்துவிட்டான். டெல்பர்ட் விலாவை அடுப்பில் வைப்பதற்கு முன்னால் தண்ணீரில் வேகவைத்து ருசியைக் கொல்கிறவன், வெர்லீன். தண்ணீரில்!

ஆகவே தாமதிக்காமல் எழுது. உன் குடும்பத்துக்கு ஆரோக்கியமும் சமாதானமும் உண்டாகட்டும். உன் வீட்டுக்காரருக்குப் பாதி ஆசீர்வாதம்.

அன்புள்ள அண்ணன்,
ஹோரஸ் டில்மன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது ராய்ஸே வந்துவிட்டான், கையில் இடுக்கியோடு. டெல்பர்ட் சமைத்ததை நாய்கூடத் தொடவில்லையாம். இனிமேல் பச்சைப் பக்கம் உட்காருவதில்லை என்று சத்தியம் செய்தால் இடுக்கி எனக்கே என்றான். ட்ரூடிக்கு இன்னும் மூன்று வருஷப் படிப்பு இருக்கிறது. இடுக்கியை அவனையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். நீ ஒன்றும் எழுத வேண்டாம். கோட்டைத் திருப்பித் தருவதாக இல்லை. அடுத்த வருஷம் டியூபாக்காரர்கள் வருகிற ஓரமாக எனக்கு இடம் பிடி. கழிப்பறைக்கு இடைவேளைக்கு முன்னாலேயே போய்வந்துவிடுகிறேன்.