கவுண்டி வாசலில் மாட்டிய மீன்

ஸ்வென்பி, மின்னசோட்டா
டிசம்பர் மாதம், பனி விடாமல் கொட்டும் ஒரு வியாழக்கிழமை

அன்பில் குறையாத தங்கை ஆர்லிஸுக்கு, அண்ணன் மில்ஃபர்ட் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் நாயும் விறகடுப்பும் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிறோம். அங்கே அரிசோனா வெயிலில் நீயும் மைத்துனரும் உன் முழங்காலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தோட்டத்தில் எலுமிச்சம்பழம் பறிப்பதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். பார்த்தேன். டிசம்பர் மாதத்தில் அப்படிப்பட்ட படங்களை இனிமேல் எனக்கு அனுப்பாதே.

நிற்க. ஜெயித்துவிட்டோம் ஆர்லிஸ்! இளைஞர் பட்டறைக்கான நிதியை ஒரு சல்லிக்காசு குறையாமல் நம் மாவட்டத்தை நிர்வகிக்கும் கவுண்டி சபையிடமிருந்து வாங்கிவிட்டோம். வாங்கியது யார் என்று கேள். உன் அண்ணன். பத்திரிகையின் முதல் பக்கத்தில் மீனின் வாயும் அதற்குள் என் தலையும் வந்திருக்கின்றன. வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். உன் தேவாலயத்தில் எல்லோருக்கும் காட்டு. கடிதத்தையும் சத்தமாகப் படி. இவன் என் கூடப் பிறந்தவன் என்று தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்.

போன கோடையில் நம் ஊர் மீனைத் திருடிவிட்டார்கள் என்று போனில் உன்னிடம் அழுதேனே, நினைவிருக்கிறதா? ஏரிக்கரை மேடையில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் அதே இருபத்திரண்டடி ஃபைபர் மீன்தான், உள்ளே வெறும் கூடு. ஷெல்பி என்று பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, கூட இரண்டு பையன்களைச் சேர்த்துக்கொண்டு, போல்ட்டுகளைக் கழற்றி, மீனை ஏரியில் மிதக்கவிட்டு, அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து ஊர்வலம் போயிருக்கிறாள். போனவள் சும்மா போனாளா? ஹார்லன் வீட்டுப் படகுத்துறையில் மோதி, வாலை உடைத்து, ஒரு கண்ணை ஏரிக்குள் தொலைத்தாள். ஹார்லனைத் தெரியுமல்லவா, பள்ளிக்கூட நடனத்தில் உன் கவுனில் காப்பியைக் கொட்டிய அதே ஹார்லன்தான், இப்போது கவுண்டி சபைத் தலைவன். மீன் கமிட்டித் தலைவன் என்ற முறையில் (கமிட்டியில் இப்போது நான் ஒருவன்தான் மிச்சம்) நான் கோர்ட்டுக்குப் போய், "மீனைத் தொட்டவங்களை உள்ள தள்ளுங்க!" என்று நீதிபதி அம்மாவின் மேசை அதிரத் தட்டினேன். அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிள்ளைகளை உள்ளே தள்ளாமல், நன்னடத்தை அலுவலர் கொரினின் கண்காணிப்பில் விட்டார். கொரின் நடத்தும் கவுண்டி இளைஞர் பட்டறையில் வைத்து, வருகிற ஜூன் மாதத்து மீன் திருவிழாவுக்குள் அவர்களே மீனைச் சரிசெய்ய வேண்டும் என்று தீர்ப்பு. இந்த ஊர் உருப்படாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஆனாலும் மீனைத் திருடியவர்கள் கையிலேயே மீனை ஒப்படைத்துவிட்டு எப்படி வீட்டில் உட்கார்ந்திருப்பது? தினமும் பள்ளி விட்டதும் பட்டறைக்குப் போய், நாற்காலியைப் போட்டுக் காவல் உட்கார்ந்தேன். வாய் சும்மா இருக்குமா, அது கோணல், இது மேடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஷெல்பி முதல் வாரம் முறைத்தாள். இரண்டாவது வாரம் எனக்கு "மீன் தாத்தா" என்று பேர் வைத்தாள். அதற்கப்புறம் எங்கள் சண்டை முழுக்க மீனின் வயிற்றைப் பற்றித்தான். காலங்காலமாக வெள்ளையாக இருந்த வயிற்றுக்கு அவள் மஞ்சள் அடிக்க வேண்டும் என்கிறாள்.

"மீன் தாத்தா, நீங்க ஏரியில மீனே புடிச்சதில்லையா? வயிறு மஞ்சளாதான இருக்கும்?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாலேருந்து அது வெள்ளை. கமிட்டி முடிவு."

"கமிட்டில யாரு இருக்கா?"

"நான்."

"அப்ப ஓட்டெடுப்புல ஜெயிக்கறது ரொம்ப ஈஸி."

இப்படியேதான் இலையுதிர்காலம் ஓடியது. அவளுடைய அம்மா வான்கோழித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்; வீடு திரும்ப விடிந்துவிடும். ஆகவே காலையில் தம்பிக்குக் கஞ்சி ஊட்டி, கையுறை மாட்டி, பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடுவது ஷெல்பிதான். இதை அவள் சொல்லவில்லை. ஒருநாள் காலை காப்பி வாங்கப் போனபோது நானே பார்த்தேன். பனிக்காற்றில் தன் தொப்பியைக் கழற்றி அந்தக் குட்டிப்பயல் தலையில் மாட்டிவிட்டு, பேருந்து மறைகிற வரை வெறுந்தலையோடு நின்றாள். அன்றைக்குப் பட்டறையில் நான் வயிற்றைப் பற்றிப் பேசவில்லை.

நவம்பரில் இடி விழுந்தது. அடுத்த வருடத்துக் கவுண்டி பட்ஜெட்டில் இளைஞர் பட்டறைக்கு நிதியே கிடையாது, அந்தப் பணத்தில் புதிதாகப் பனி தள்ளும் லாரி வாங்கப்போகிறார்கள் என்று ஹார்லன் அறிவித்தான். பழைய லாரி வாரத்தில் பாதி நாள் படுத்துக்கிடப்பது உண்மைதான். ஆனால் பட்டறை போனால் கொரினுக்கு வேலை போகும். கொரின் போனால் பிள்ளைகளைக் கண்காணிக்க ஆள் கிடையாது. ஆள் இல்லையென்றால் மிச்சத் தண்டனைக்கு அவர்களை நான்கு மணிநேரம் தள்ளியிருக்கிற பூட்டிய சிறார் இல்லத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். நாம் கேட்ட தண்டனை கிடைக்கப்போகிறது என்று நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கோ சோறு இறங்கவில்லை. மீன் ஒரு பக்கம்தான் பூசி முடிந்திருக்கிறது, கண் ஒன்றுதான் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கவலை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தத் தம்பியைப் பேருந்தில் ஏற்றிவிட யார் இருக்கிறார்கள் என்பதுதான் உண்மையில் என்னைக் குடைந்தது.

பட்ஜெட் கூட்டத்தில் பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். நான் எழுதிய உரையோ நீண்டுகொண்டே போனது. பட்டறையில் வாசித்துக் காட்டினேன். பாதியில் ஒரு பையன் தூங்கிவிட்டான். எனக்கு அப்போதுதான் யோசனை உதித்தது. பேச்சு எதற்கு? மீனையே கொண்டுபோய் நிறுத்திவிட்டால்?

ஷெல்பி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "வேணாம் மீன் தாத்தா. அது இப்ப கவுண்டி பொறுப்புல இருக்கு. கேக்காம எடுத்தீங்கன்னா நேரா கோர்ட்டுதான். எனக்குத் தெரியும், நான் பாத்துட்டு வந்தவ."

"நான் கமிட்டித் தலைவன்டியம்மா" என்றேன்.

கூட்டத்தன்று மாலை, கொரின் பிள்ளைகளைக் கூட்டத்துக்குக் கூட்டிப்போக வேனில் ஏற்றுவதற்குள் நான் பட்டறையின் பின்கதவு வழியாக மீனைப் படகு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தலை பின்பக்கம், வால் என் வண்டிக்கு மேலே. தேவாலய முனையில் திரும்பும்போது மீனின் தலை கொஞ்சம் அகலமாக வீசிவிட்டது. புல்வெளியில் வைத்திருந்த கிறிஸ்துமஸ் குடிலிலிருந்து மூன்று ராஜா சிலைகளில் ஒருவர் மீனின் வாய்க்குள் வந்து விழுந்தார். எனக்கு அது அப்போது தெரியாது. எல்லோரும் கையசைக்கிறார்களே, நம் மேல் இவ்வளவு மரியாதையா என்று நானும் கையசைத்துக்கொண்டே போனேன். கவுண்டி கட்டடத்து வாசலுக்கு நேராக டிரெய்லரைப் பின்னால் தள்ளினேன். சரிவு முழுக்கப் பனிக்கட்டி. பிரேக்கை மிதித்தேன். பிரேக் தன் வேலையைச் செய்தது, பனிக்கட்டியும் தன் வேலையைச் செய்தது. மீன் போய் இரட்டைக் கதவுக்குள் செவுள் வரை செருகி இறுகிவிட்டது. உள்ளே கூட்டம் நடக்கிறது; நடு ஹாலில் ராஜா உருண்டுபோய் ஹார்லனின் மேசைக்கடியில் நின்றாராம்.

பின்வாசல் வழியாகவாவது வெளியே வரலாமென்றால் அங்கே ஆள் உயரத்துக்குப் பனி. லாரிதான் படுத்துக்கிடக்கிறதே. அன்றைக்குத்தான் எதிரே நம் தேவாலயத்தில் லூட்டஃபிஸ்க் விருந்து. வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கொழகொழ மீனில் வெண்ணெயை ஊற்றித் தின்பதற்காகவே வாழ்கிறவன் ஹார்லன். உள்ளேயிருந்து அவன் குரல் மீன் வழியாக எனக்குக் கேட்டது.

"டேய் மில்ஃபர்ட்! இது உன் வேலைதானடா?"

அதற்குள் வேன் வந்துவிட்டது. கொரின் இறங்கி, "சார், என்ன காரியம் பண்ணிட்டீங்க!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். ஷெல்பி மீனைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "கதவோட கீல் உள்பக்கம் இருக்கு. உள்ளேருந்துதான் கழட்டணும்" என்றாள். பையன்கள் இரண்டு பேரும் வாலின் போல்ட்டுகளைக் கழற்றினார்கள். அவர்களே ஒட்டிய வால், எது எங்கே என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். வால் கழன்று வர, ஷெல்பி ஸ்பானரைப் பல்லில் கவ்விக்கொண்டு மீனுக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வாய் வழியாகச் சபை நடுவில் போய் இறங்கினாள். கூட்டத்துக்கு ஜெபம் சொல்ல வந்திருந்த பாஸ்டர், வேதாகமத்தில் மீன் வயிற்றிலிருந்து வெளியே வந்தவரே எதிரில் நிற்பதுபோல, "யோனா!" என்று கத்தியே விட்டார்.

எனக்குப் பேசும் முறை போய்விடுமே என்று நானும் பின்னாலேயே நுழைந்தேன். நுழையக் கூடாது என்று கொரின் என் காலைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டுப் போனேன். தொண்டை வரை வந்தது, தோள் மாட்டிக்கொண்டது. தலை மட்டும் மீனின் வாயில். கையை அசைக்க முடியவில்லை, உரை கோட்டுப் பையில்.

ஹார்லன் மணிக்கூண்டுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். "உன் நேரம் ஓடுது. பேசறியா, இல்ல அப்படியே இருக்கப் போறியா?"

உரை இல்லாததால் உள்ளதைப் பேசினேன் ஆர்லிஸ். "ஹார்லன், கோடையில இந்தப் பொண்ணை உள்ள தள்ளச் சொன்னவன் நான்தான். நான் சொன்னதை அந்த நீதிபதி அம்மா கேட்டிருந்தா, நாலு மாசமா ஒரு சின்னப் பையன் பஸ் ஸ்டாப்புல தனியா நின்னிருப்பான். இவ தன் தொப்பியைக் கழட்டி அவன் தலையில மாட்டறதை நான் பாத்தேன். பட்டறையை மூடுனா அந்தப் பையனுக்கு யாரு தொப்பி மாட்டுவா? நீயா? மீனு ஒத்தக்கண்ணோட கெடந்தாலும் பரவால்ல. இவளை அனுப்பாதீங்க." மீனுக்குள் எதிரொலி வேறு, ஊருக்கே கேட்டதாம்.

ஷெல்பி திரும்பிப் பார்க்காமல் கீலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழுத்து மட்டும் சிவந்திருந்தது. ஹார்லன் மெல்ல எழுந்து அவள் பக்கத்தில் போய், "யாரும்மா இந்த வேலையெல்லாம் உனக்குக் கத்துக்குடுத்தா?" என்றான்.

"நீங்க இழுத்து மூடப்போற எடத்துலதான் கத்துக்கிட்டேன்" என்றாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கதவு விழும்."

கதவு பக்குவமாகக் கழன்று வந்தது. ஒரு கீறல் கிடையாது (ஏற்கெனவே நான் உண்டாக்கியவை தவிர). பையன்கள் வெளியேயிருந்து மீனை இழுக்க, மீனோடு நானும் போனேன். ஹார்லன் கதவில்லாத வாசலில் நின்று எதிரே தேவாலயத்து விளக்கையும் பார்த்தான், ஷெல்பியையும் பார்த்தான். "உக்காருங்க எல்லாரும். ஓட்டெடுப்பை முடிச்சிட்டுதான் சாப்பாடு. பழைய லாரி இன்னொரு வருஷம் ஓடட்டும்" என்று முதல் கையைத் தூக்கினான். மற்ற நால்வரும் தூக்கினார்கள். பனியில் மல்லாந்து கிடந்தபடியே அதைக் கேட்டேன். கொரின் வேன் மேல் சாய்ந்து அழுதார். அன்றைய விருந்தில் ஷெல்பியின் தம்பி மூன்று தட்டு இறைச்சி உருண்டை தின்றான். அந்தக் கொழகொழ மீனைத் தொடவில்லை. புத்திசாலிப் பையன்.

என் வாழ்நாளில் இப்படியொரு வெற்றியை நான் கண்டதில்லை. சட்டத்தை மதித்து, நேர்வழியில் நின்று, குடிமகனாக என் கடமையைச் செய்தேன் என்ற நிறைவோடு முடிக்கிறேன். மைத்துனருக்கு என் அன்பு. உன் முழங்கால் தேறவும், உன் வீட்டில் வெயில் தணியவும், எங்களூரில் கொஞ்சம் ஏறவும் ஆண்டவர் அருள்வாராக.

உன் அன்பு அண்ணன்,
மில்ஃபர்ட்
தலைவர், ஸ்வென்பி மீன் கமிட்டி

பி.கு. உறையை ஒட்டிச் சில நாள் கழித்து மறுபடி பிரித்து எழுதுகிறேன். பனி லாரி வராததால் தபால்காரரும் வரவில்லை. பனி ஸ்கூட்டரில் ஷெரீஃபின் ஆள்தான் வந்தான், சம்மனோடு. கவுண்டி பொறுப்பிலிருந்த மீனை அனுமதியில்லாமல் எடுத்தது, கதவை உடைத்தது, ஒரு ராஜாவின் கையை ஒடித்தது. மீன் விஷயத்தில் ஷெல்பி மேல் போட்ட அதே குற்றச்சாட்டாம். கோர்ட்டுக்குப் போனேன், அதே நீதிபதி அம்மாள்தான். "கோடையில இதே மேசையைத் தட்டி, மீனைத் தொட்டவங்களை உள்ள தள்ளச் சொன்னது நீங்கதானே?" என்று கேட்டார். நான்தான் என்றேன். ஜூன் வரை தினமும் பட்டறையில் வேலை செய்ய வேண்டுமாம். என் வேலையை மேற்பார்வை பார்ப்பதற்குக் கொரின் நியமித்திருப்பது ஷெல்பியை.

"மீன் தாத்தா, நாலு மணின்னா நாலு மணி" என்றாள். "வந்து நாற்காலியில உக்காந்து நொட்டை சொல்லக் கூடாது. பிரஷ் நான் தர்றேன்."

ஆகவே இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே, பத்திரிகைத் துண்டை எரித்துவிடு. உனக்கு மட்டும் சொல்கிறேன், நாலு மணி எப்போது ஆகும் என்று மத்தியானத்திலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று முதல் நாள். வயிற்றுக்கு மஞ்சள் அடித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.