நாலரை மில்லிமீட்டர்

இன்ஜின் தண்டவாளத்தின் மேல் நிற்கவில்லை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பொத்தென்று விழுந்து, சக்கரத்தை மட்டும் வீணாகச் சுற்றிக்கொண்டு கிடந்தது.

"நாசமாப் போக!" என்று கத்தினார் மாலக்கி டூஹி.

கத்தி என்ன பயன்? வம்பை விலைக்கு வாங்கியது அவர்தான். தர்லஸ் ஊரில் அவரும் நண்பர் ஃபெர்கல் குளோஹெசியும் இரண்டு வருஷமாக ஒரு பழைய அயர்லாந்து ரயில் பாதையைக் பொம்மை அளவில் குட்டியாகக் கட்டிவந்தார்கள். ஸ்டேஷன் உள்ள பாதி மாலக்கியின் கேரேஜில், பாலம் உள்ள பாதி ஃபெர்கல் வீட்டில். அடுத்த மாசம் தேவாலய மண்டபத்தில் கண்காட்சி. இரண்டு பாதியையும் ஒட்டவைத்து, இங்கிருந்து அங்கே ஒரு ரயில் ஓட வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. திடீரென்று மாலக்கிக்கு ரோஷம் வந்துவிட்டது. அயர்லாந்தின் பாதை இங்கிலாந்துப் பாதையைவிட அகலம். கடையில் விற்கும் குட்டித் தண்டவாளமோ இங்கிலாந்துக் கணக்கு, நாலரை மில்லிமீட்டர் குறைவு. போட்டதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, தன் கையாலேயே அகலமாகப் போட்டார். கடையில் வாங்கிய இன்ஜின் உள்ளே விழாமல் என்ன செய்யும்?

சக்கரங்களை வெளிப்பக்கமாக இழுத்தார். அச்சு போதவில்லை. கையில் அகப்பட்ட கம்பியை வெட்டி அச்சாக்கினார். சக்கரம் இன்ஜினின் இடுப்பில் உரசியது. அரத்தால் இடுப்பை ராவினார். இன்ஜினின் படிக்கட்டு உடைந்தது. ஒருவழியாக ஓடவிட்டால், இன்ஜின் பிளாட்பாரத்தில் மோதி, ஸ்டேஷன் மாஸ்டரையும் பெட்டியோடு காத்திருந்த ஒரு பாதிரியாரையும் தள்ளிவிட்டது. பிளாட்பாரத்தை ரம்பத்தால் அறுக்கப் போனவர், வேகத்தில் ஸ்டேஷன் சுவரையும் சேர்த்து அறுத்துவிட்டார்.

மனைவி அட்ராக்டா வாசலில் வந்து நின்றாள். "என் பின்னல் ஊசி ஒண்ணைக் காணோம்."

மாலக்கி மெல்ல இன்ஜினை அச்சு தெரியாதபடி திருப்பி வைத்தார்.

"அடப்பாவி மனுஷா! அதையா வெட்டின?"

அந்த நேரம் பார்த்து ஃபெர்கல் உள்ளே வந்தார். தண்டவாளத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"என்னடா இது? என்னோடது எப்படி இதோட சேரும்?"

"நீயும் பிடுங்கிட்டு அகலமாப் போடு."

"உனக்கென்ன மூளை கலங்கிடுச்சா? நாலரை மில்லிமீட்டரை யாருடா வந்து அளக்கப் போறான்?"

"நான் அளப்பேன்! அயர்லாந்து ரயிலை இங்கிலீஷ்காரன் தண்டவாளத்துல ஓட்டுவியா? எண்ணூறு வருஷம் அவன் சொன்னபடி ஆடினது போதாதா?"

"எண்ணூறு வருஷத்தைப் பத்தி நீ பேசாதே. உன் பாட்டன் அவனோட பட்டாளத்துல சம்பளம் வாங்கினவன்தானே!"

இந்தப் பேச்சை அயர்லாந்தில் எவனும் எவனிடமும் பேசக் கூடாது. மாலக்கியின் முகம் சிவந்தது.

"வெளியே போடா!"

"போறேன். உன் முகத்துல இனிமே முழிக்க மாட்டேன்."

அன்றோடு பேச்சு நின்றது. சாலையில் ஃபெர்கலின் கார் எதிரே வந்தால், முன்பின் தெரியாதவனுக்கும் வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து தூக்குகிற ஒற்றை விரலை மாலக்கி தூக்கவில்லை. ஞாயிறு பூசையில் பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில், இருவரும் முன்வரிசை பின்வரிசை எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு, ஒருவரையொருவர் விட்டுவிட்டார்கள். மாலக்கிக்கு அது பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே திரிந்தவன் அல்லவா?

"நாளைக்கு நீ போய்ச் சேர்ந்தா, சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேணும். ஒருத்தன் இப்பவே குறைஞ்சுட்டான்" என்றாள் அட்ராக்டா, உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே.

மாலக்கி கேரேஜுக்குப் போனார். பல்லைக் கடித்துக்கொண்டு, தன் கையால் போட்ட அகலப் பாதை முழுவதையும் பெயர்த்தார். ஒவ்வொரு ஆணியும் அவர் நெஞ்சிலிருந்து பிடுங்குவதுபோல் வலித்தது. கடைத் தண்டவாளத்தையே வாங்கி ஒட்டினார். புது இன்ஜினும் வாங்கினார்.

"அவன்கிட்ட இதைச் சொல்லப் போறதில்லை. மண்டபத்துல பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்" என்றார்.

"பின்னே? நீ எதுக்குச் சொல்லணும்? வாயே திறக்காதே" என்றாள் அட்ராக்டா. மனைவி தன் பக்கம் பேசியதில் மாலக்கிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

கண்காட்சி நாள். மண்டபம் நிறையக் கூட்டம். ஃபெர்கலின் மனைவி அஸம்ப்டா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதை போட்ட இரண்டு பலகைகளும் துணி மூடியபடி வந்தன. இருவரும் முகம் பார்க்காமல் பலகைகளை ஒட்டித் தள்ளி, துணியை உருவினார்கள்.

தண்டவாளங்கள் சேரவில்லை.

மாலக்கி கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். தன்னுடையது குறுகல். ஃபெர்கலுடையது அகலம். கையால் போட்டது. துல்லியமான அயர்லாந்து அகலம்.

"என்னடா பண்ணித் தொலைச்சே?" என்று அலறினார்.

"நீ என்னடா பண்ணித் தொலைச்சே? நீ கேட்டேன்னுதானே ராத்திரி பகலா உட்கார்ந்து அகலமாக்கினேன்!"

"நான் சொன்னதை யாருடா உன்னைக் கேட்கச் சொன்னா? பிறந்ததுலேர்ந்து ஒரு தடவை கேட்டிருக்கியா? இப்பதான் கேட்கணுமா?"

"நீ மட்டும்? விட்டுக்கொடுக்கிற மூஞ்சியாடா உனக்கு?"

கூட்டம் சிரித்தது. மாலக்கிக்குக் கண் கலங்கியது. இரண்டு வருஷ உழைப்பு, ஓடாத ரயில். யார்மேல் பாய்வதென்று தெரியாமல் தேநீர் மேஜைப் பக்கம் திரும்பினார். அங்கே அட்ராக்டாவும் அஸம்ப்டாவும் தோளோடு தோள் ஒட்டி நின்றிருந்தார்கள்.

"அவங்கவங்க புருஷனோட ஒரே வீட்டுல இருக்கீங்களே, உங்க ரெண்டு பேருக்குமா இது தெரியாமப் போச்சு?"

அஸம்ப்டா அவருக்கு ஒரு கோப்பைத் தேநீரை நீட்டினாள்.

"முதல் நாளே தெரியும் மாலக்கி, நாங்க தினம் போன்ல பேசிக்கிட்டுத்தானே இருந்தோம், சொல்லியிருந்தா, நீங்க ரெண்டு பேரும் ஒரு மாசமா வாயை மூடிட்டு வீட்டுல கிடந்த நிம்மதி எங்களுக்கு எங்கே கிடைச்சிருக்கும்?"