பதினெட்டு கியூபிட்டும் ஒரு தட்டுக் கேசரியும்

திங்கட்கிழமை காலை கதவில் ஒட்டியிருந்த தாளை இளமாறன் மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் விரல் வைத்துத் தேடினான். ஆய்வகத்தின் சின்னக் குவாண்டம் கணினிக்கு ஆளாளுக்கு நேரம் குறித்து வைக்கும் தாள் அது. அடுக்குமாடியில் துணி துவைக்கும் அறைக் கதவில் ஒட்டியிருக்குமே, அதே மாதிரி. வெள்ளி வரை ஒரு கட்டம் காலியில்லை. துஷாந்த், யூலியன், ராகவி என்று குழுவில் இவனைத் தவிர அத்தனை பேரும் பிடித்துவிட்டார்கள்.

வெள்ளி மதியம் இரண்டு மணிக்குள் இவன் ஆராய்ச்சிக் கணக்குக்கு விடை வேண்டும். வந்தால் வேலை ஒப்பந்தம் நீளும். வராவிட்டால் ஒஸ்லோவில் மோர்டென்ஸ்ருட் பகுதியில் இருக்கும் வீட்டைக் காலி செய்து கோயம்புத்தூருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். மனைவி அனுஷா இப்போதுதான் நோர்வே மொழியில் தேறி, மழலையர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். போன வாரக் கூட்டத்தில் இதையெல்லாம் அழாத குறையாகச் சொன்னான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு மனசே கிடையாது என்று அனுஷாவிடம் புலம்பித் தீர்த்தான்.

அவன் வரைந்த சுற்றுக்கு, அதாவது சர்க்யூட்டுக்கு, பதினெட்டு கியூபிட் வேண்டும்; குவாண்டம் கணினியின் பிட்டுக்கு அதுதான் பெயர். கணினியில் இருப்பதோ பத்து. பெரிய சுற்றை வெட்டி, துண்டு துண்டாக ஓட்டி, விடைகளைக் கணக்குப் போட்டு ஒட்டுவதுதான் அவன் ஆராய்ச்சியே. தொல்லை என்னவென்றால், சுற்றில் ஒரு கம்பியை வெட்டினால் ஓட்ட வேண்டிய தடவைகள் பல மடங்காகும். இன்னொன்றை வெட்டினால் அதுவும் பல மடங்காகும்.

ஆள் வேறு கனவுக்காரன். மெட்ரோவில் உட்கார்ந்தால், ஜன்னலுக்கு வெளியே பிர்ச் மரங்கள் மஞ்சளாய் ஓட, அவன் கண்ணுக்குக் கம்பிகள்தான் தெரியும். வெட்டுப்பட்ட முனைகள் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டு, "எங்க மீதி எங்கே?" என்று கேட்கும். "இருங்க, கூட்டிட்டு வரேன்" என்பான், வாய்விட்டு. பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து தள்ளிப்போய் நிற்பார்.

நேரே துஷாந்திடம் போனான். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கணினியைப் பராமரிப்பவன்.

"உங்க புதன் அஞ்சு மணி ஸ்லாட்டை எனக்குத் தர முடியுமா?"

துஷாந்த் தலையைச் சொறிந்தான். "அதிலை ஒரு வேலை போட்டிருக்கிறன் அண்ணை. நீங்கள் பேசாமல் இருங்கோவன்."

"என் வேலையே போயிடும்ங்க."

"ஓம், தெரியும்." ஏதோ சொல்ல வந்து விழுங்கினான். "சரி, எடுங்கோ. எல்லாம் ஒண்டுதான்."

சும்மா வாங்கினால் இளமாறனுக்குச் சோறு இறங்காது. "பதிலுக்கு நான் ஏதாவது செய்யணுமே. புதன்கிழமை உங்க ட்வெய்ட்டா பிளாட்ல டுக்னாட்னு சொன்னீங்களே, உங்களுக்குப் பதிலா நான் போறேன்."

டுக்னாட் என்பது இந்த நாட்டுப் பழக்கம். எல்லோரும் கூடி, கூலி வாங்காமல், அதிகம் பேசாமல் ஒரு வேலையை முடித்துக் கொடுப்பார்கள். இந்த முறை இலை அள்ளுவது. "வேண்டாம் அண்ணை" என்று துஷாந்த் மூன்று தரம் சொன்னான். இவன் கேட்டால்தானே.

செவ்வாயன்று கணினியில் இரண்டு கியூபிட் படுத்துக்கொண்டன. பத்து எட்டாயிற்று. இன்னொரு வெட்டு, இன்னும் நேரம். துஷாந்தைப் போலவே யாழ்ப்பாணத்து வீட்டுப் பிள்ளையான யூலியனிடம் ஓடினான். அவன் சிரித்துக்கொண்டே வியாழனைத் தூக்கிக் கொடுத்தான்.

"வெள்ளிக்கிழமை குழுவுக்குக் கேக் கொண்டுவர உங்க முறைதானே? நான் கேசரி கிண்டி எடுத்துட்டு வரேன்."

"உதெல்லாம் தேவையில்லை அண்ணை."

"எனக்குத் தேவை."

அப்படியே ராகவியின் வெள்ளிக் காலையையும் வாங்கினான். பதிலுக்கு எல்லிங்ஸ்ருட் வீட்டில் அவள் துண்டு துண்டாக வாங்கிவைத்திருந்த அலமாரியைப் பொருத்தித் தர ஒப்புக்கொண்டான்.

கேன்டீன் நடத்தும் வசந்தமலர் அக்கா காப்பியை நீட்டினார். குழுவில் யார் என்ன கதைத்தாலும் அவர் காதில் விழாமல் போகாது. "தம்பி, ஓடித் திரியாமல் ஒரு இடத்திலை இருமன்."

"இருந்தா எப்படிக்கா ஆகும்?"

புதன் ஐந்து மணிக்கு ட்வெய்ட்டா குடியிருப்பு முற்றத்தில் இலை வாரும் கருவியோடு நின்றான். கைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் துண்டு ஓடத் தொடங்கும். ஆனால் இலைகள் சுழன்று சுழன்று இறங்கின. ஒவ்வொன்றும் ஒரு துண்டுச் சுற்று, ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு ஜோடி. அவன் ஜோடி சேர்த்துக்கொண்டே வாரினான். நினைவு வந்தபோது ஆறரை; பொத்தானை அழுத்தாமலே கணினி நேரம் முடிந்திருந்தது. இருபது மூட்டை இலை சேர்ந்திருந்தது.

வியாழன் கணினியைக் கவனித்ததில் கேசரி அடிப்பிடித்தது. மறுபடி ரவையைக் கவனித்ததில், ஓடிய துண்டே திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக் காலை அலமாரியின் கதவுகளைச் சுவரைப் பார்த்தபடி பொருத்திவிட்டு, கழற்றி, மறுபடி பொருத்தினான். முடித்தபோது ராகவியின் நேரமும் போயிருந்தது.

இரண்டு மணி. கேன்டீனில் குழு மொத்தமும் கூடியிருந்தது. இளமாறன் கேசரித் தட்டை வைத்துவிட்டு நின்றான்.

"முடியலைங்க. மூணுல ஒரு துண்டுதான் ஓடுச்சு. நீங்க எல்லாம் உங்க வேலையை விட்டுட்டு எனக்கு நேரம் கொடுத்தீங்க. அதையும் வீணாக்கிட்டேன்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். துஷாந்த் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான். யூலியன் கண்ணை மூடிக்கொண்டான்.

வசந்தமலர் அக்கா கத்தியை எடுத்து, கேசரியை ஆளுக்கொரு துண்டாக வெட்டத் தொடங்கினார்.

"இந்தப் பிள்ளையளுக்கு இந்தக் கிழமை வேறை வேலை ஒண்டும் இல்லைத் தம்பி, உம்மடை சுற்றைத்தான் தங்களுக்கை பங்குபோட்டு டுக்னாட்டா ஓட்டி, இண்டைக்கு உமக்குச் சொல்லாமல் கொண்டுவந்து தர எண்டு, திங்கட்கிழமை விடியவே அந்தத் தாளை நிரப்பினதுகள்."